நகம் படாத மடிப்பு

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் செல்வோர், ஆரல்வாய்மொழிக் கணவாயை எட்டுவதற்குச் சற்று முன்னதாகவே பூமணத்தைக் கொண்டு ஓர் ஊரை அடையாளம் கண்டுகொள்வர். அதுவே தோவாளை, நாம் பிறந்து வளர்ந்த ஊர். பொழுது புலர்வதற்கு முன்னரே இங்குப் பூச்சந்தை கூடிவிடும். பிச்சியும் மல்லிகையும் சம்பங்கியும் அரளியும் கோழிக்கொண்டையும் துளசியும் கொழுந்தும் மூட்டை மூட்டையாக வந்திறங்க, கேரளத்து வண்டிகள் காத்து நிற்கும். ஓணத்தை ஒட்டிய நாள்களில் சந்தைக்குள் கால் வைக்க இடமிராது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன்பு இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தது. ஆட்சி எல்லை மாறியதேயன்றிப் பூ செல்லும் வழி மாறவில்லை.

இவ்வூரில் பிறந்த நாம் இன்று காகிதத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறோம். பூவுக்கும் காகிதத்துக்கும் என்ன உறவு என்று வாசக நண்பர்கள் வினவக்கூடும். இரண்டும் மடிபடுபவை என்பதே விடை. அந்த விடையை நாம் கண்டுகொள்வதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

நம் இல்லத்தில் மூன்று தலைமுறையாகப் பூக்கட்டே தொழில். அப்பா சந்தையில் பூ எடுத்து வருவார். அம்மையும் பெரியம்மையும் திண்ணையில் அமர்ந்து மாலை தொடுப்பர். அவற்றுள் பெரியம்மையின் கைக்கென்றே ஒதுக்கப்பட்டது மாணிக்கமாலை. ஏனைய மாலைகள் உருண்டு திரண்டிருக்கும். மாணிக்கமாலையோ பாய் போலத் தட்டையாக இருக்கும். வெள்ளரளி, செவ்வரளி, நொச்சியிலை ஆகிய மூன்றே பொருள்கள். இவற்றை மடித்து, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு நாரில் பிணைத்துக்கொண்டே செல்வர். விரித்துப் பார்த்தால் சிவப்பும் வெண்மையும் பச்சையும் வரிசை தப்பாமல், மணி பதித்த அணி போல் தோன்றும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு இங்கிருந்து மாலை சென்ற காலத்தில், திருவிதாங்கூர் மன்னர் ஒருவர் இதனைக் கண்டு மாணிக்கம் போலிருக்கிறதே என வியந்தாரென்றும், இப்பெயர் அதனால் அமைந்ததென்றும் ஊரில் சொல்வர்.

இத்தகைய இல்லத்தில் பிறந்ததை நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டோமா என்றால், இல்லை. முதுகலைத் தமிழ் முடித்து, விரிவுரையாளர் பணிக்கான நேர்காணலில் அமர்ந்திருந்தபோது, குடும்பத் தொழில் யாது எனக் கேட்டனர். "வியாபாரம்" என்றோம். அது பொய்யன்று. ஆயினும் உண்மையுமன்று. பூக்கட்டுகிறவர்களின் பிள்ளை என்று சொல்வதற்கு நா எழவில்லை. கண்ணி, கோதை, தெரியல், தார், பிணையல் என மாலைக்கு எத்தனை பெயர்கள் தமிழில் உள என்று அடுத்த ஆண்டே வகுப்பில் விரித்துரைத்தோம். தொடை என்னும் சொல் மாலையையும் குறிக்கும், எதுகை மோனை முதலிய யாப்புறுப்பையும் குறிக்கும் என்று கரும்பலகையில் எழுதினோம். அதைத் தொடுத்துக்கொண்டிருந்த கைகளைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

2023ஆம் ஆண்டில், மாணவர்களுக்கென ஒரு காகித மடிப்புப் பயிலரங்கு நடைபெற்றது. மேற்பார்வைக்காகச் சென்ற நாமும் ஓர் இருக்கையில் அமர்ந்துகொண்டோம். ஒரிகாமி என்னும் ஜப்பானியச் சொல்லில் 'ஒரி' என்பது மடித்தலையும் 'காமி' என்பது தாளையும் குறிக்கும் எனப் பயிற்றுநர் விளக்கினார். ஆளுக்கொரு சதுரத் தாள் தரப்பட்டது. முதற்பாடம் இதுதான்: மடித்த கோட்டை நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கோடு கூர்மையாக விழுந்தால்தான் அடுத்த மடிப்பு பிழையின்றி அமையும். மாணவர்கள் சரசரவெனத் தேய்த்தனர். நம் கட்டைவிரல் மட்டும் நகத்தை விலக்கிக்கொண்டு, சதைப்பற்றால் தாளை நீவிக்கொண்டிருந்தது. பயிற்றுநர் அருகே வந்து, "கை விரைவாக ஓடுகிறது, மடிப்புத்தான் பதியவில்லை" என்றார்.

ஏழு வயதில் அம்மையிடம் வாங்கிய அடி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "நகம் படப்பிடாது மக்கா" என்பதே பூக்கட்டின் முதற்பாடம். நகம் பட்ட இதழில் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. வெயில் ஏறியதும் பட்ட இடம் பழுப்புக் கோடாகக் கறுக்கும். மாலை வாங்கியவர் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார். இரண்டாவது பாடம், அரளி தொட்ட கையைக் கழுவாமல் வாயில் வைக்கலாகாது என்பது. அரளியின் எல்லாப் பகுதியிலும் நஞ்சுண்டு. இவ்விரு பாடங்களும் முப்பது ஆண்டுகளாக நம் விரல்களில் உறைந்து கிடந்தன. காகிதத்தின் முதற்பாடமும் பூவின் முதற்பாடமும் நேர்எதிராக இருந்தமை நம்மை விடாமல் உறுத்தியது. அன்றிரவே காகித மடிப்பின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

படிக்கப் படிக்க, நாம் நினைத்திருந்தது போல இது பழமை மாறாமல் வந்த கலையன்று என்பது புலப்பட்டது. ஜப்பானில் சடங்குகளுக்காகவும் பரிசுப் பொருள்களுக்காகவும் தாள் மடிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. ஒரே தாளை வெட்டி, ஒன்றோடொன்று பிணைந்த கொக்குகளாக மடிக்கும் முறையை விளக்கும் நூலொன்று 1797இலேயே கியோட்டோவில் அச்சாகியது. ஐரோப்பாவிலோ வேறொரு மரபு தனியே வளர்ந்தது. குழந்தைகள் பள்ளியைத் தோற்றுவித்த ஜெர்மானியக் கல்வியாளர் பிரெடரிக் புரோபல், தாள் மடிப்பைக் கற்பித்தற் கருவிகளுள் ஒன்றாக்கினார். 1876இல் டோக்கியோவில் அம்முறையிலான குழந்தைகள் பள்ளி தொடங்கப்பட்டதும் ஜெர்மானிய மடிப்புகள் ஜப்பானுக்குள் நுழைந்தன. ஸ்பெயினில், சலமான்கா பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கிய எழுத்தாளர் மிகேல் தே உனமுனோ, காகிதப் பறவைகளை மடிப்பதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். 1902இல் வெளியான தம் புதினமொன்றின் பின்னிணைப்பாகக் காகிதப் பறவையைப் பற்றிய ஓர் 'ஆய்வையே' நகைச்சுவையாக எழுதிச் சேர்த்தார். இலக்கியம் கற்பிப்பவர் தாள் மடிப்பது புதிதல்ல என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ள அது உதவியது.

எனினும் இவையெல்லாம் குழந்தை விளையாட்டாகவோ கைப்பழக்கமாகவோதான் இருந்தன. கொக்கும் தவளையும் படகுமாக, வழிவழி வந்த சில உருவங்களே மீண்டும் மீண்டும் மடிக்கப்பட்டன. புதிதாக ஒன்றைப் படைப்பது என்னும் எண்ணத்தை நிலைநாட்டியவர் அகிரா யோஷிசாவா. 1911இல் பிறந்தவர். தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, இளம் பணியாளர்களுக்கு வடிவியல் கற்பிக்கத் தாள் மடிப்பைப் பயன்படுத்தினார். பின்னர் அவ்வேலையைத் துறந்து, முழுநேரமும் மடிப்பில் ஈடுபட்டார். வயிற்றுப்பாட்டுக்கு வீடு வீடாகச் சென்று தொடுகறி விற்றார். 1950களின் தொடக்கத்தில், இதழொன்று ஜப்பானியச் சோதிடத்தின் பன்னிரு விலங்குகளை அவரிடம் மடித்து வாங்கி வெளியிட்ட பின்னரே நாடு அவரை அறிந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பது.

1954இல் வெளிவந்த அவருடைய நூல் நாம் கூற வந்த செய்திக்கு மையமானது. விரல்கள் செய்வதைத் தாளில் எழுதிக் காட்டும் ஒரு குறியீட்டு முறையை அதில் அவர் பயன்படுத்தினார். சிறு கோடுகளின் வரிசை என்றால் உள்நோக்கிய பள்ளமடிப்பு. கோடும் புள்ளியும் மாறி மாறி வந்தால் வெளிநோக்கிய மலைமடிப்பு. எத்திசையில் மடிப்பது என்பதற்கு அம்புக்குறி. தாளைப் புரட்டுவதற்குச் சுழியிட்ட அம்பு. பின்னர் அமெரிக்கரான சாமுவேல் ராண்ட்லெட்டும் இங்கிலாந்தில் வாழ்ந்த மந்திரவித்தைக் கலைஞர் ராபர்ட் ஹார்பினும் இதனைச் செப்பனிட்டனர். இன்று உலகெங்கும் வழங்குவது இதன் வழிவந்த முறையே. ஜப்பானிய மொழியில் ஓரெழுத்தும் அறியாதவர், ஆசிரியர் அருகில் இல்லாதவர், படங்களை மட்டும் பார்த்து மடிக்கலாம் என்றாயிற்று.

அதன்பின் நிகழ்ந்தவை வெகு விரைவானவை. 1955இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் யோஷிசாவாவின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1956இல் ஹார்பினின் நூல் வெளிவந்தது. 1958இல் லில்லியன் ஓப்பன்ஹைமர் நியூயார்க்கில் ஒரிகாமி மையத்தைத் தொடங்கினார். 1967இல் பிரிட்டானிய ஒரிகாமிச் சங்கம் தோன்றியது. ஹிரோஷிமா அணுகுண்டின் கதிர்வீச்சால் நோயுற்று, கொக்குகளை மடித்தவாறே 1955இல் தன் பன்னிரண்டாம் வயதில் இறந்த சடாகோ சசாகியின் கதை, காகிதக் கொக்கை உலக அமைதியின் சின்னமாக்கியது. ஒரு நாட்டின் கைப்பழக்கம், ஓய்வு நேரத்தில் எவரும் பயிலக்கூடிய படைப்புக்கலையாக மாறியதற்குப் பின்னே இருந்தது அந்தக் கோடும் புள்ளியும் அம்புமே என்று நாம் கருதுகிறோம். மடித்தவர்கள் எங்கும் இருந்தனர். அதைப் பிறர்க்கு எழுதித் தந்தவர்தாம் அரியவர்.

இவ்வரலாற்றைப் படித்து வருகையில், நாம் சற்றும் எதிர்பாராத ஓர் ஊர்ப்பெயர் எதிர்ப்பட்டது. அது சென்னை. யோஷிசாவா பிறப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே, 1893இல், சென்னை அடிசன் நிறுவனம் ஓர் ஆங்கில நூலை வெளியிட்டது. தாள் மடிப்பின் வழி வடிவியற் பயிற்சிகள் என்று பொருள்படும் தலைப்பு. எழுதியவர் டி. சுந்தரராவ், சென்னை மாகாணத்தில் அரசுப் பணியில் இருந்தவர். புரோபலின் குழந்தைக் கல்விக் கருவிகளுள் எட்டாவதாக அமைந்த வண்ணத் தாள்களே தமக்கு இவ்வெண்ணத்தைத் தந்தன என்று அவர் முன்னுரையில் குறிப்பிடுகிறார். ஒழுங்கற்ற ஒரு தாள் துண்டை மேசைமேல் வைத்து, மடித்து, மடிப்பின் வழியே கத்தியால் நறுக்கிச் சதுரமாக்குவதில் நூல் தொடங்குகிறது. அங்கிருந்து முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என வளர்ந்து, தொடர்கள், கூம்பு வளைவுகள் வரை செல்கிறது. அளவுகோலும் கவராயமும் இன்றி, வெறும் கையும் தாளுமே கருவி.

இந்நூலை முதலில் மதித்தவர் நம்மூரார் அல்லர். ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன், 1895இல் வெளியான தம் சொற்பொழிவு நூலில் சுந்தரராவின் பெயரைச் சுட்டி, தாள் மடிப்பு முறை அதில் நன்கு வளர்த்தெடுக்கப்பட்டிருப்பதாகக் குறிப்பிட்டார். அதைக் கண்ட அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமனும் ஸ்மித்தும் நூலைப் பதிப்பிக்க, 1901இல் சிகாகோவிலிருந்து அது வெளிவந்தது. 1966இல் மீண்டும் மறுபதிப்புக் கண்டது. இன்று இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். 1936இல் இத்தாலியக் கணித அறிஞர் மார்கெரிட்டா பெலோக், மடிப்பினால் முப்படிச் சமன்பாடுகளையும் தீர்க்க இயலும் எனக் காட்டினார். அதாவது, அளவுகோலாலும் கவராயத்தாலும் எந்தக் கோணத்தையும் மூன்று சமக் கூறாக்கும் பொதுமுறை இல்லையென 1837இல் நிறுவப்பட்டிருந்தது; ஒரு தாள் மடிப்பு அதனைச் செய்துவிடும். 1989இல் அவர் வாழ்ந்த பெராரா நகரிலேயே ஒரிகாமி அறிவியலின் முதல் பன்னாட்டுக் கூட்டம் நடந்தது. 1995இல் விண்ணுக்குச் சென்ற ஜப்பானியக் கலத்தின் சூரியத் தகடு, மியூரா என்னும் அறிஞர் வகுத்த மடிப்பில் அடங்கிப் பின் விரிந்தது.

ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். சுந்தரராவின் நூலைப் படித்தபோது நமக்கு எழுந்தது பெருமிதம் மட்டுமன்று. ஒரு நாணமும் உடன் எழுந்தது. புரோபலின் தாளைக் கண்டு வடிவியலை எழுதினார் அவர். நாம் பெரியம்மையின் கையைக் கண்டு என்ன எழுதினோம்? தமிழில் மடி என்னும் சொல் ஒன்றே மடித்தலையும், குழந்தை துயிலும் மடியையும், இறத்தலையும் குறிக்கிறது. மடக்கு என்றோர் அணியே நம் இலக்கணத்தில் உண்டு. ஒரே சொல் வேறு வேறு பொருளில் மடங்கி மடங்கி வருவது. சொல்லில் மடிப்பைக் கண்ட நாம், வீட்டு மடிப்பைக் கண்டதில்லை. பதநீர் குடிக்கும் பனையோலைப் பட்டை, கோயில் தொன்னை, கடலைக்காரரின் பொட்டலம், சேலைக் கொசுவம், ஓலைக் காற்றாடி, மழைநாளில் தெருவில் விட்ட கத்திக்கப்பல் என எத்தனை மடிப்புகள் நம்மைச் சூழ இருந்தன! இவற்றுள் ஒன்றுக்கும் கோடும் புள்ளியும் இட்டு வைத்தவர் நம் உறவில் இல்லை.

மறுவாரம் ஒரு கட்டு வண்ணத் தாளோடு பெரியம்மையின் வீட்டுக்குச் சென்றோம். எழுபத்தெட்டு வயது. அம்மை மறைந்தபின் எங்கள் குடும்பத்தில் மாணிக்கமாலை அறிந்த கை அது ஒன்றே. விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கியிருந்தன. தாளைத் தந்து, கொக்கு மடிக்கும் வழியைக் காட்டினோம். நம்மைப் போலவே அவர்களும் நகத்தை விலக்கிக்கொண்டு நீவினார்கள். மடிப்பு பதியவில்லை, கொக்கு சரிந்து விழுந்தது. "காயிதம் சொன்ன பேச்சு கேக்காது மக்களே" என்று தள்ளி வைத்துவிட்டார்கள். நகத்தால் அழுத்துங்கள் என்று சொல்ல நாம் வாயெடுத்தோம். எழுபது ஆண்டுப் பழக்கத்தைத் திருத்துவதற்கு நாம் யார் என்று தோன்றவே, சொல்லவில்லை.

வீடு திரும்பி மீண்டும் யோஷிசாவாவைப் படித்தபோதுதான், முன்பு விரைந்து கடந்துவிட்ட ஒரு பகுதி கண்ணில் பட்டது. தம் கலையின் முதிர்ந்த நிலையில் அவர் ஈரமடிப்பு என்னும் முறையைக் கையாண்டார். தடித்த தாளை இலேசாக ஈரப்படுத்தினால் அது குழைந்துவிடும். அதனை அழுத்தித் தேய்க்காமல், மென்மையாக வளைத்து மடிக்கலாம். உலர்ந்தபின் அவ்வளைவு அப்படியே நிற்கும். கூர்மையான கோடுகளாலான பொம்மைகளாகத் தோன்றாமல் உயிருள்ளவை போல் அவருடைய விலங்குகள் விளங்கியதற்கு அதுவே காரணம். பயிலரங்கில் நமக்குக் கூறப்பட்டது தொடக்கப் பாடம். அப்பாடத்தைக் கடந்த ஆசான் வந்து நின்ற இடத்தில், நீர் தெளித்த பூவோடு பெரியம்மை எழுபது ஆண்டுகளாக அமர்ந்திருக்கிறார்கள்!

அடுத்த ஞாயிறு, தடித்த ஓவியத் தாளை நொச்சியிலையின் வடிவில் நறுக்கி எடுத்துச் சென்றோம். நொச்சியின் மேற்புறம் பச்சை. அடிப்புறம் வெளிறிய சாம்பல் நிறம். அதே போலத் தாளின் ஒரு புறத்துக்கு மட்டும் பச்சை வண்ணம் தீட்டியிருந்தோம். பூவுக்குத் தெளிப்பது போல் ஈரத்துணியால் ஒற்றிக் கொடுத்தோம். பெரியம்மை விரல்களுக்கிடையே வைத்துப் பார்த்தார்கள். "இப்ப எலை மாதிரி இருக்கு" என்றவர்கள், பேச்சினூடே மடித்து முடித்துவிட்டார்கள். நகம் படவேயில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தாள் உலர்ந்தது. மடிப்பு அவிழாமல் நின்றது. அவர்கள் மடித்தவற்றுள் மறுநாளும் இருக்கப்போகும் முதல் மடிப்பு அதுவே என்று எண்ணியபோது நாம் பேச்சற்றுப் போனோம். அவர்களோ அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வாடாதாக்கும்?" என்றார்கள்.

"வாடாது பெரியம்மை."

"வாடாதத சாமிக்கு எப்பிடி மக்கா சாத்த முடியும்?"

அவ்வினாவுக்கு நம்மிடம் விடை இல்லை, இப்போதும் இல்லை. காகிதத்தை மடிப்பவர் ஒன்றை மடித்து அலமாரியில் வைத்துப் பார்த்து மகிழ்வார். பூவை மடிப்பவர், மறுநாள் கழற்றி எறியப்படும் என்று அறிந்தே மடிப்பார். முன்னது பொழுதுபோக்கு, பின்னது பிழைப்பு. அவசரமாக மாலை கேட்டு ஆள் வந்து நிற்கையில் கலையைப் பற்றி எண்ணப் பொழுதேது? ஒரிகாமி வளர்ந்த கதையை வியக்கும்போது, ஓய்வு வாய்த்தவர்களே அதனை வளர்த்தார்கள் என்பதையும் மறத்தல் ஆகாது. ஆயினும், வீடு வீடாகச் சென்று விற்றுப் பிழைத்த ஒருவரே அதற்கு எழுத்துத் தந்தார் என்பதும் உண்மை.

உலர்ந்த அந்தக் காகித இலையை மெல்லப் பிரித்தோம். மடிபட்ட இடமெல்லாம் தாளில் தடமாக விழுந்திருந்தது. பள்ளமடிப்புக்குச் சிறு கோடுகளும், மலைமடிப்புக்குக் கோடும் புள்ளியுமாக ஒரு பயிற்சிச் சுவடியில் வரைந்தோம். அரளிக்கும் அவ்வாறே. இதழ்களைத் தனித்தனியே நறுக்க வேண்டியிருந்தது. தாளை வெட்டுவது கூடாதென்னும் ஒரிகாமித் தூயோர் நம்மைப் பொறுத்தருள்க! சில மாதங்களில் ஒன்பது படங்கள் தேறின. பூவுக்குப் பூ அளவு மாறுவதையும், நாரை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதையும் எந்தக் குறியாலும் எழுத முடியவில்லை. யோஷிசாவாவும் 50,000க்கும் மேற்பட்ட உருவங்களைப் படைத்தார் என்றும், அவற்றுள் சில நூறு மட்டுமே படமாக வரையப்பட்டன என்றும் மதிப்பிடுவர். எஞ்சியவை அவர் விரல்களோடு 2005இல் சென்றுவிட்டன.

பூக்கட்டே அறியாத வெளியூர் மாணவி ஒருத்தியிடம் சுவடியைக் கொடுத்தோம். யாரிடமும் கேளாமல், படங்களை மட்டும் பார்த்துச் செய்யுமாறு சொன்னோம். இரண்டு நாள் கழித்து, உண்மையான அரளியும் நொச்சியும் கொண்டு சாண் நீளத்துக்குப் பின்னி எடுத்து வந்தாள். சற்றுத் தளர்ந்திருந்தது, ஆனால் வரிசை இருந்தது. பெருமையோடு அதனைப் பெரியம்மையிடம் கொண்டு சென்றோம். கண்ணருகே வைத்துப் பார்த்த மாத்திரத்தில், "பொறம் மாறிப் போச்சே. எலை வெளுத்துல்லா இருக்கு" என்றார்கள். ஆம், நொச்சியின் சாம்பல் நிற அடிப்புறம் வெளியே தெரிந்தது. சுவடியைப் புரட்டிப் பார்த்தோம். மாணவியின் பிழையன்று. ஆறாவது படத்தில், இலையைப் புரட்ட வேண்டும் என்பதற்கான சுழியிட்ட அம்பை நாம் வரையாமல் விட்டிருந்தோம். ஏன் விட்டோம்? பெரியம்மை அதனைப் புரட்டுவதே கண்ணுக்குத் தெரியாது, எடுக்கும்போதே புரண்டிருக்கும்.

பின்பு பெரியம்மை அச்சிறு துண்டைப் பிரித்துப் போடவில்லை. நீர் தெளித்து, வாழையிலையில் பொதிந்து, "அந்தப் பிள்ளைட்ட குடுத்துரு. கை நல்லா வருது, நகத்த வெட்டச் சொல்லு" என்றார்கள். நாமறிய, தம் இல்லத்துக்கு வெளியே ஒரு கையை அவர்கள் மெச்சியது அதுவே முதல்முறை.

2025இல் தோவாளை மாணிக்கமாலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஊரே மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். இப்பெயரை இனி வேறு ஊரார் தமதென்று சொல்லிக்கொள்ள இயலாது. ஆயினும் சான்றிதழ் காப்பது பெயரை. கையிலிருந்து கைக்கு மாறும் வித்தையைக் காக்க வேண்டியவர்கள் நாமே. அது பிழைப்பாக மட்டும் இருந்தால், கூலி குறையுங்காலத்து மறையும். ஓய்வு நேரத்தில் ஆசையாகப் பயில்வோர் சிலர் சேர்ந்தால், அவர்கள் வழியாகவேனும் நிற்கும். காகித மடிப்பு நமக்குக் காட்டிய வழி அதுவே. அரிய கலையைப் பொழுதுபோக்காக்குவது அதனை இழிவுபடுத்துவதாகும் என நாம் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. இப்போது அவ்வெண்ணம் இல்லை.

சுவடியின் முதற்பக்கத்தில், மடிப்பு என்றெழுதிப் பெரியம்மையின் பெயரையும், வரைவு என்றெழுதி நம் பெயரையும் இட்டோம். பெயருக்குக் கீழே, தோவாளைப் பூக்கட்டுக் குடும்பம் என்று சேர்த்தோம். நேர்காணலில் சொல்லத் தவறிய விடையை ஏறத்தாழ இருபது ஆண்டு தாழ்ந்து எழுதியிருக்கிறோம். பெரியம்மைக்கு வாசித்துக் காட்டியபோது, "இதயெல்லாமா எழுதுவாவ?" என்று சிரித்தார்கள்.

வாசக நண்பர்களே, உங்கள் இல்லத்திலும் பனையோலைப் பட்டை மடிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கக்கூடும். தொன்னை தைப்பவர் இருக்கக்கூடும். அவர்கள் அருகில் ஒரு தாளோடு சென்று அமருங்கள். கோடும் புள்ளியும் அம்பும் போதும். ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புரட்டும் இடத்தைக் குறிக்க மட்டும் மறவாதீர்கள்.

வரும் ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்குச் சந்தைக்குச் செல்கிறோம். அரளி வாங்க வேண்டும். ஆறாவது படத்தைத் திருத்தி வரைய வேண்டும். பத்தாவது படம் இன்னும் பெரியம்மையின் கையிலேயே இருக்கிறது.